ராணி பிரவுண்

1974 ஒக்டோபர் 16, புதன்

இன்று மூன்று தாள்களைப் பழுதாக்கினேன். நீலம் கோட்டைத் தாண்டிவிட்டது. மேற்பார்வைக்காரி மொரீன் வந்தாள். தாள்களை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், கழுவும் தொட்டிக்குள் போட்டாள், போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

திருகோணமலையில் பெண் பிள்ளைகளுக்குச் சித்திரம் படிப்பித்தவள் நான். சிட்னிக்கு வந்து, யாரோ கீறிய கார்ட்டூன் கோட்டுக்குள் நிறம் நிரப்புகிறேன். அதுவும் ஒழுங்காக வரவில்லை. கண்ணாடி போன்ற செலுலாயிட் தாள்; முன்பக்கம் கோடு, நாங்கள் பின்பக்கம் பூச வேண்டும். திருப்பிப் பார்த்தால்தான் பிழை தெரியும்.

"கேக்கிறவைக்கு ஸ்ரூடியோவில ஆர்ட்டிஸ்ட் எண்டு சொல்லும்" என்கிறார் இவர். சொல்கிறேன். ரயில்வேயில் சாமான் பதிவு எழுதிக்கொண்டு இவர் தன்னை எக்கவுண்டன்ற் என்று சொல்லிக்கொள்ளவில்லையா? அப்படித்தான்.

1974 ஒக்டோபர் 29, செவ்வாய்

புதிய வேலை வந்திருக்கிறது. வருகிற மார்ச்சில் இந்த நாட்டில் கலர் ரி.வி. தொடங்கப் போகிறார்களாம். சனல்களுக்குக் கலர்ப் படம் போதாது. அதனால் யுத்த காலத்தில் அமெரிக்காவில் எடுத்த பழைய கறுப்பு வெள்ளைக் கார்ட்டூன் ஒன்றை முதலிலிருந்து திரும்பக் கீறி, நிறம் தீட்டிக் கொடுக்க வேண்டும். சின்னப் படம்தான். கதாநாயகன் ஓர் ஆடு. விமானம் ஓட்டுகிற ஆடு! தலையில் தோல் தொப்பி, கண்ணுக்குப் பெரிய கண்ணாடி. பறக்கும்போது பசி வந்தால் விமானத்தின் வயரையே தின்றுவிடுமாம். சொல்லும்போதே மொரீன் விழுந்து விழுந்து சிரித்தாள்.

யுத்தம், விமானம், பகிடி. இந்த மூன்றும் எனக்கு ஒன்றாக வந்ததில்லை. ஆனாலும் ஆடு வயர் தின்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

சுபத்திராவிடம் சொன்னேன். "முழுப் படமும் நீங்களோ?" என்று கேட்டாள். நான் என்ன வேலை செய்கிறேன் என்று என் மகள் கேட்டே எத்தனையோ மாதம்.

1974 நவம்பர் 8, வெள்ளி

பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் நடனம் பழக்குகிறார்கள். சோடி சோடியாகக் கை பிடித்து ஆட வேண்டுமாம். இவளுக்குச் சோடியாக வந்த கேரன் என்ற பிள்ளை, தன் சுவெற்றர் கையை இழுத்து விரலை மூடிக்கொண்டுதான் பிடித்தாளாம். குளிருக்காக இருக்கும் என்றேன். "அம்மா, இது நவம்பர்" என்றாள். இங்கே நவம்பர் வெயில் காலம்.

பதினொரு வயதுப் பிள்ளைக்கு நான் சொன்ன பொய் எனக்கே கூசியது.

1974 நவம்பர் 20, புதன்

இன்றைய நாளை நான் மறக்கப் போவதில்லை.

எங்கள் வேலை முறையில் ஓர் உருவத்தை முழுதாக ஒரே தாளில் கீறமாட்டார்கள். தலை ஒரு தாள், உடம்பு ஒரு தாள், கை கால் வேறு தாள். ஒன்றின் மேல் ஒன்றை அடுக்கித்தான் படம் பிடிப்பார்கள். எங்கள் மேசைக்குக் கையும் காலும். தலை எல்லாம் பின்னறைக்குப் போகிறது. அங்கே எலேனி என்ற கிரேக்கப் பெண்ணும் வேறு இரண்டு பேரும். முழு ஆளை நாங்கள் பார்ப்பதே இல்லை.

இன்று வந்த தாள்களில் இரண்டு கைகள் விமானத்தின் முன் விசிறியைப் பிடித்துச் சுழற்றுகின்றன. பழைய படத்தில் அந்தக் கைகள் மைக் கறுப்பு. கலரில் கறுப்பு வைத்தால் விசிறியோடு ஒட்டிக்கொண்டு ஒன்றும் தெரியாது, பிரவுண் வேண்டும் என்றாள் மொரீன். செங்கல் நிறம் கலந்து பார்த்தாள், சொக்லேட் நிறம் பார்த்தாள், ஒன்றும் பிடிக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்தாள்.

"ராணி, கையை நீட்டு."

நீட்டினேன். யோகராணி என்ற பெயர் இவர்கள் வாயில் நுழையாததால் நான் இங்கே ராணி. சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டு, அந்த நிறத்தை நானே கலந்தேன். காவி, கொஞ்சம் மஞ்சள், ஒரு துளி சிவப்பு. என் தோலில் தொட்டுத் தொட்டுப் பார்த்துக் கலந்தேன். கடைசியில் தொட்ட பொட்டு எது, தோல் எது என்று தெரியவில்லை. மேசையில் இருந்த எல்லோரும் கை தட்டினார்கள். மொரீன் போத்தலில் லேபல் ஒட்டித் தன் கையால் எழுதினாள்: ராணி.

அப்பா திருகோணமலையில் சைனாபே விமானத் தளத்தில் வேலை செய்தவர். விமானத்தைத் தள்ளுவார், எண்ணெய்ப் பீப்பா உருட்டுவார். நாற்பத்திரண்டாம் ஆண்டு சித்திரை மாதம் ஒரு காலை வேலைக்குப் போனார், ஜப்பான்காரன் குண்டு போட்டான், திரும்பி வரவில்லை. எனக்கு அப்போது ஏழு வயது. அவர் முகம் இப்போது சரியாக நினைவில்லை. கை நினைவிருக்கிறது. "உனக்கு அப்பான்ர நிறம்" என்று அம்மா ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறா.

இந்தக் கைக்காரன் அந்தப் படத்தில் மெக்கானிக்காகத்தான் இருக்க வேண்டும். வேறு யார் விசிறியைச் சுழற்றுவது?

பின்னேரம் சுபத்திராவிடம் சொன்னேன். "படத்தில எங்கட நிறத்தில ஒரு ஆள் வாறார். அவர் சுத்திவிட்டால்தான் பிளேன் பறக்கும்."

"ரியலி?" என்றாள். அம்மப்பாவைப் பற்றியும் சொன்னேன். இதுவரை சொன்னதில்லை.

1974 டிசம்பர் 4, புதன்

அந்தக் கைகளின் விரல் மூட்டுகளில் வெளிர் நிறத்தால் ஒரு கீற்று வெளிச்சம் வைத்தேன். நேரமில்லை, வேண்டாம் என்றாள் மொரீன். அவள் பார்க்காத தாள்களில் வைத்தேன்.

1975 பெப்ரவரி 12, புதன்

பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டது. காலையில் ஒவ்வொரு பிள்ளையும் எழும்பி ஏதாவது புதினம், புதுச் செய்தி சொல்ல வேண்டுமாம். சுபத்திரா என் படத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். அம்மா கார்ட்டூன் செய்கிறா, அதில் எங்கள் நிறத்தில் ஒரு விமான மெக்கானிக் வருகிறார், அந்த நிறத்துக்கு அம்மாவின் பெயர்தான் வைத்திருக்கிறார்கள் என்று. ரீச்சர் முன்னுக்குக் கூப்பிட்டு நிறுத்திப் பேச வைத்தாராம்.

"இண்டைக்கு என்னோட இருந்து சாப்பிட நாலு பேர் வந்தவை அம்மா. கேரனும் வந்தவள்."

கழித்துப் போட்ட தாள் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து கொடுத்திருக்கிறேன். விசிறியைப் பிடித்த கை. இரண்டு மட்டைக்கு நடுவே வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டு போகிறாள். இந்த நாட்டுக்கு வந்து நான் செய்த ஒரே உருப்படியான காரியம் இதுதான் என்று நினைக்கிறேன்.

1975 மார்ச் 1, சனி

கலர் ரி.வி. தொடங்கிவிட்டது. எங்கள் ஆட்களில் ஒரு வீட்டில்தான் இருக்கிறது: ஸ்ட்ராத்ஃபீல்டில் டொக்டர் வெங்கட்ராமன் வீடு. மெட்ராஸ்காரர்கள். அவர் மனைவி வேதவல்லி போன் பண்ணினா. "ராணி, உங்க படம் என்னைக்கு வருது? எல்லாரும் இங்கதான் வரணும். நான் சொல்லியாச்சு. கேசரி என் பொறுப்பு."

ஏப்ரல் பன்னிரண்டு, சனி காலை என்று மொரீன் சொல்லியிருக்கிறாள். இவர் தன் அலுவலகத்திலும் சொல்லி வைத்திருக்கிறார். ஆர்ட்டிஸ்ட்டின் புருஷன்!

1975 மார்ச் 19, புதன்

சாப்பாட்டு நேரம் எலேனி என் தோளைத் தட்டி, "நீ பெரிய மனசுக்காரி, என்னால் முடியாது" என்றாள். என்ன என்று கேட்பதற்குள் மணி அடித்துவிட்டது. நிறம் கலந்து கொடுத்ததைத்தான் சொல்கிறாள் போலிருக்கிறது.

1975 ஏப்ரல் 12, சனி

இன்றைக்கு எழுத ஏலாது.

1975 ஏப்ரல் 13, ஞாயிறு

எழுதித்தான் ஆக வேண்டும்.

நாலு குடும்பம் வந்திருந்தது. வேதவல்லியின் கேசரி, உப்புமா. நாங்கள் கொண்டு போன இடியப்பம், சொதி. பெரியவர்கள் கதிரைகளில், பிள்ளைகள் முன்னால் கார்ப்பெற்றில். சுபத்திரா நீலச் சட்டை போட்டுக்கொண்டு நட்ட நடுவில். பக்கத்தில் கேரன். சுபத்திராதான் வரச் சொல்லியிருந்தாள். இவர் போய்க் காரில் ஏற்றி வந்தார். "எங்கட ஆர்ட்டிஸ்ட்டுக்கு முன் கதிரை" என்று சொல்லி என்னைக் கொண்டுபோய் முன்னால் இருத்தினார்கள். நானும் இருந்தேன். எவ்வளவு பெருமை எனக்கு!

ஆடு வந்தது. வரைபடத்தைத் தின்றது. வழி தெரியாமல் ஒரு தீவில் இறங்கியது. எல்லோரும் சிரித்தார்கள். பிறகு விசிறி நின்றுவிட்டது. ஆடு கை தட்டி, "டம்டம்!" என்று கூப்பிட்டது.

அவன் வந்தான்.

கார் ரயர் மாதிரி உதடு. அவித்த முட்டை மாதிரி உருளுகிற கண். மயிரில் எலும்பு. இடுப்பில் புல்லு. அந்த உடம்பில் என் கையும் காலும்.

மெக்கானிக்குமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. ஆடு உதைக்கும், அவன் விசிறியைச் சுழற்றுவான், விசிறி அவனைத் தூக்கி எறியும், தலைகுத்தி விழுவான், எழும்பிப் பல்லைக் காட்டுவான். திரும்ப உதை. கடைசியில் விசிறி உடைந்துவிட, ஆடு அவனையே விசிறிக்குப் பதிலாகக் கட்டிவிட்டுப் பறக்கிறது. அந்த இரண்டு கையும் சுழலுது, சுழலுது. மேலே இருந்து குண்டு விழ, அவனுடைய ஆட்கள் எறும்பு மாதிரி ஓடித் தென்னை மரத்தில் தொங்குகிறார்கள். அதற்கும் சிரிப்பு.

முதல் தரம் அவன் விழுந்தபோது நானும் சிரித்தேன். அதை மறைத்து எழுத மாட்டேன்.

அது அப்பான்ர கை எண்டெல்லோ நினைச்சுப் பூசினனான்! ஒவ்வொரு விரலா, ஒவ்வொரு மூட்டா, மொரீனுக்குத் தெரியாமல் வெளிச்சம் வைச்சு... குண்டு விழேக்க ஓடின ஆக்களைப் பாத்துச் சிரிக்கிறதுக்கு நானே நிறம் கலந்து குடுத்திருக்கிறன். என்ர தோலில தொட்டுப் பாத்துக் குடுத்திருக்கிறன். ஒருக்கா, ஒரேயொருக்கா முழுப் படத்தையும் காட்டுங்கோ எண்டு நான் ஏன் கேக்கேல்லை? கையைத் தந்தவுடனே எல்லாம் தந்துட்டாங்கள் எண்டு நினைச்சிட்டன்.

டொக்டர் வெங்கட்ராமன், "கலர் எவ்வளவு நேச்சுரலா இருக்கு பாருங்கோ!" என்றார். அவருக்கு அந்தப் பெட்டிதான் பெருமை. வேதவல்லி மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "காப்பி கொண்டு வரேன்" என்று எழும்பிப் போனா. நெடுநேரம் குசினியை விட்டு வரவில்லை.

கேரன் ரி.வி.யைப் பார்த்தாள். பிறகு சுபத்திராவின் கையைப் பார்த்தாள். ஒரு விரலை அதன் மேல் வைத்து, "சேம்" என்றாள். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. சுவெற்றர் கையையும் இழுக்கவில்லை. வகுப்பில் சுபத்திரா சொன்னதைத்தான் அவளும் சொன்னாள்.

சுபத்திரா திரும்பி என்னைப் பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் தூக்கிக்கொண்டு வெளியே போயிருப்பேன்.

வரும் வழியில் காருக்குள் இவர், "கார்ட்டூன்தானே. ஆட்டையும்தானே பகிடி பண்ணினவங்கள்" என்றார்.

"ஆடு ரி.வி. பாக்கிறேல்லை" என்றேன்.

1975 ஏப்ரல் 14, திங்கள்

மொரீனிடம் கேட்டேன். அவள் உண்மையிலேயே திகைத்துப் போனாள். பழைய படம் கண்ணே, யுத்த காலம், அந்த நேரம் எல்லோரும் எல்லோரையும் பார்த்துச் சிரித்தார்கள் என்றாள். உன்னைப் புண்படுத்த நினைக்கவில்லை என்றாள். அதுவும் உண்மைதான். என்னை நினைக்கவே இல்லை.

எலேனியிடம் கேட்டேன். "தலைகளைப் பூசினது நான்தானே. உனக்குத் தெரியும் என்று நினைத்தேன். தெரிந்துகொண்டுதான் கையை நீட்டினாய், இவளுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்தேன்" என்றாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு ஏனோ அவள் மீதுதான் கோபம் வந்தது.

போத்தலில் இருந்து என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். மொரீன் உடனே லேபலைக் கிழித்தாள். வேறு ஒட்டி, எழுதி, சிரித்த முகத்தோடு என்னிடம் காட்டினாள். "இப்போது சரியா?"

நேட்டிவ் என்று எழுதியிருந்தாள்.

1975 ஏப்ரல் 16, புதன்

போத்தலை யாரும் அப்படிச் சொல்வதில்லை. "அந்த ராணியை இங்கால தா" என்றுதான் இன்றைக்கும் கேட்கிறார்கள்.

1975 ஏப்ரல் 23, புதன்

பள்ளிக்கூடத்தில் என்ன நடக்கிறது என்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள். இன்று அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு, சொல்லாமல் போய் வேலியோரம் நின்றேன்.

ஏழெட்டுப் பிள்ளைகள் வட்டமாக நிற்கிறார்கள். நடுவில் இவள். "டம்டம், ஸ்பின்!" என்று ஒருத்தி கத்துகிறாள். இவள் இரண்டு கையையும் விரித்துச் சுழற்றுகிறாள். சுழன்று சுழன்று புல்லில் விழுகிறாள். எழும்பிப் பல்லைக் காட்டுகிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். பிறகு கேரன் கை கொடுத்துத் தூக்கிவிட்டு, தோளில் கை போட்டுக் கூட்டிக்கொண்டு போகிறாள்.

வீட்டில் கேட்டேன். ஏன் பிள்ளை அப்படிச் செய்கிறாய்?

"நான் செய்யாட்டி அவையள் வேற ஆக்களோட போயிடுவினம்."

பிறகு, "நல்லாத்தானே செய்யிறன்? எல்லாரும் சிரிக்கினம்" என்றாள். குசினிக்குள் போய் வெங்காயம் வெட்டினேன்.

1975 மே 6, செவ்வாய்

அந்தக் கார்ட்டூன் நன்றாக ஓடிவிட்டதாம். ஆட்டின் படங்கள் இன்னும் ஆறு வந்திருக்கின்றன. எல்லாவற்றிலும் டம்டம் இருக்கிறான். முதல் கட்டுத் தாள்களை மொரீன் என் முன்னால் வைத்தாள். முடியாது என்றேன்.

"உன்னைப் போல் கை யாருக்கும் வராது, ராணி" என்றாள். ஒக்டோபரில் அவள் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வராதா என்று எவ்வளவு ஏங்கியிருப்பேன். முடியாது என்று திரும்பவும் சொன்னேன். அப்படியென்றால் கழுவும் தொட்டிதான் இருக்கிறது என்றாள். ஓம் என்றேன்.

படம் பிடித்து முடிந்த தாள்களைக் கழுவித் திரும்பப் பாவிப்பார்கள். இன்று பின்னேரம் முழுவதும் அதைத்தான் கழுவினேன். தொட்டி முழுக்கப் பிரவுண் தண்ணீர். மாதக்கணக்காகப் பூசினது ஒரு பின்னேரத்தில் போய்விட்டது. என் போத்தலில் இப்போது வேறு ஒரு பிள்ளை தூரிகை தொடுகிறாள். நான் மாட்டேன் என்றதால் ஒரு தாள்கூடக் குறையவில்லை.

இவரிடம் சொல்லவில்லை. சுபத்திராவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேனே, நான் ஒரு மடச்சி.

"வை? இன்னும் ஆறு படம் வருது எண்டு நான் எல்லாருக்கும் சொல்லிட்டன்!"

"உனக்காகத்தான் பிள்ளை விட்டனான்."

"எனக்கு இப்பதான் ஃபிரெண்ட்ஸ் இருக்கினம்" என்றாள். பிறகு, "இப்ப நீங்கள் என்ன செய்யிறீங்கள்?"

"கழுவிறன்."

"யூ ஜஸ்ட் வொஷ் திங்ஸ்?"

ஓம் என்றேன்.

1975 ஓகஸ்ட் 21, வியாழன்

இரண்டாவது படம் வந்தது. வேதவல்லி கூப்பிடவில்லை. நல்ல மனுஷி. சுபத்திரா கேரன் வீட்டில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். புதிதாக ஒரு சுழற்று பழகியிருக்கிறாள்.

1976 ஜனவரி 28, புதன்

ஹைஸ்கூலுக்குச் சீருடை வாங்கினோம். கேரன் வேறு பள்ளிக்கூடம். பழைய பிள்ளைகள் ஒருவரும் இல்லை. எனக்கு உள்ளுக்குள் பெரிய நிம்மதி. கண்ணாடி முன்னால் நின்றபடி சொன்னாள்: "அம்மா, அங்க ஒருத்தருக்கும் கார்ட்டூனைப் பற்றிச் சொல்லாதேங்கோ. உங்கட வேலையைப் பற்றியும்."

சொல்ல மாட்டேன் என்றேன்.

1976 பெப்ரவரி 20, வெள்ளி

வேலை சீக்கிரம் முடிந்தது. வழக்கத்துக்கு முந்திய ரயிலில் ஏறினேன். அதே பெட்டியில் சுபத்திரா, அவளுடன் புதிய சிநேகிதிகள் மூன்று பேர். ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கையைச் சுழற்றவில்லை, விழவில்லை. பகிடிக்கு மற்றவர்களைப் போல் சிரித்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். பார்க்க ஆசையாக இருந்தது. கண் எடுக்காமல் பார்த்திருப்பேன் போல.

ஒருத்தி என்னைக் கவனித்துவிட்டாள். சேலைக்கு மேல் பழைய வேலைக் கோட், கையில் சாப்பாட்டுப் பை. அந்தப் பெண் உன்னையே பார்க்கிறாளே, யார் அது என்று கேட்டாள்.

சுபத்திரா என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான்.

"எங்கள் தெருவில் இருக்கிறா" என்றாள், இங்கிலீஷில்.

நான் அந்தப் பிள்ளையைப் பார்த்துச் சிரித்து, ஆமாம், இரண்டு வீடு தள்ளி என்றேன், என் நல்ல இங்கிலீஷில். பிறகு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இறங்கியதும் அவள் முன்னால் போக விட்டு, பின்னால் மெதுவாக நடந்தேன்.

வீட்டில் சோறு போட்டேன். கத்தரிக்காய்க் குழம்பை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, திரும்பாமலே கேட்டாள்.

"திங்கட்கிழமையும் அந்த ட்ரெயினிலயோ வருவீங்கள்?"

"இல்லை. அடுத்ததில வாறன்" என்றேன்.